வீல்சேர் பேட்மிண்டன் பெண்கள் சிங்கிள்ஸ்: கேஎல்ல (மலேசியா, கோலாலம்பூர்ல) ஆரம்பிச்சு முதல் இன்டர்நேஷனல் வரைக்கும்

மொதல்ல கோர்ட்டப் பத்தி சொல்லிடறேன். வீல்சேர் பேட்மிண்டன் ஆடணும்னு வர்ற பொண்ணுங்கள்ல நிறைய பேரு நடந்துட்டு இருந்த காலத்துல பள்ளியிலயோ வீட்டு முன்னாடி ரோட்டுலயோ பூப்பந்து ஆடினவங்க, அந்தப் பழைய கோர்ட்டே மனசுல இருக்கும், அதத்தான் மொதல்ல கழட்டி வைக்கணும். இங்க சிங்கிள்ஸ்னா பாதி கோர்ட்தான். நடுக்கோட்டை வச்சு நீளவாக்குல பிரிச்சு ஒரு பக்கத்துல மட்டும் ஆட்டம். அதோட நெட்டுக்கும் ஷார்ட் சர்வீஸ் லைனுக்கும் நடுவுல இருக்கற 1.98 மீட்டர் மொத்தமும் அவுட், சர்வீஸ்ல மட்டும் இல்ல, ராலி நடுவுல விழுந்தாலும் அவுட். பின்கோடு அதே 6.70 மீட்டர்லதான் இருக்கு. ஆக முன்னாடி பின்னாடி நமக்குன்னு இருக்கறது 4.72 மீட்டர், அவ்ளோதான். நெட்டை மட்டும் யாரும் இறக்கித் தர மாட்டாங்க, நின்னு ஆடறவங்களுக்கு இருக்கற அதே உயரம், நடுவுல 1.524 மீட்டர்.

இதுல இருந்தே ஆட்டம் எப்படி இருக்கும்னு புரிஞ்சுடும். உக்காந்துட்டு இருக்கோம், நெட் ஒசரத்துல இருக்கு, அதனால பின்னாடி இருந்து ஸ்மாஷ் வச்சா செங்குத்தா கீழ இறங்காது, படுத்த மாதிரி நேரா எதிராளி நெஞ்சுக்குப் போகும், அவங்க சும்மா ரேக்கெட்டை வச்சா திரும்பி வந்துடும். நெட்டோரமா தொட்டு போடற ட்ராப்பும் கெடையாது, அந்த எடம் அவுட்டாச்சே. மிச்சம் இருக்கறது ரெண்டுதான்: பின்கோட்டுக்குத் தூக்கி அடிக்கற கிளியர், ஷார்ட் சர்வீஸ் லைன ஒட்டி அந்தப் பக்கமா விழற ட்ராப். எதிராளிய பின்னாடி தள்ளு, முன்னாடி இழு, திரும்பப் பின்னாடி தள்ளு. பெண்கள் சிங்கிள்ஸ்ல ஒரே அடியில பாயிண்ட முடிக்கறது கஷ்டம், ராலி நீண்டுட்டே போகும், அதனால நான் எல்லார்கிட்டயும் சொல்றது ஒண்ணுதான்: யாரு பின்னாடி நல்லா போறாங்களோ அவங்க ஜெயிப்பாங்க. கை வேகம், ஸ்ட்ரோக் அழகு எல்லாம் அதுக்கப்புறம். வண்டியப் பின்னாடி இழுக்கத் தெரியாதவங்ககிட்ட எவ்ளோ நல்ல கிளியர் இருந்தாலும் பிரயோஜனம் இல்ல, ஷட்டலுக்குக் கீழ போய் சேர்ந்தாதானே அடிக்க முடியும்.

சந்தேகமா இருந்தா டோக்கியோ பாராலிம்பிக் பெண்கள் டபிள்யூஎச்1 (வீல்சேர் கிளாஸ் ரெண்டுல ஒண்ணு, கீழ சொல்றேன்) ஃபைனல் எடுத்துப் பாருங்க. பாரா பேட்மிண்டன் பாராலிம்பிக்ல மொத மொதல்ல வந்ததே அந்த வருஷம்தான், பேரு 2020னாலும் நடந்தது 2021 செப்டம்பர்ல. ஜப்பானோட சரினா சதோமியும் தாய்லாந்தோட சுஜிரத் பூக்கமும் ஆடினாங்க, சதோமி மொத கேம 14-21னு விட்டுட்டு அப்புறம் 21-19, 21-13னு எடுத்தாங்க. மூணு வருஷம் கழிச்சு பாரிஸ்ல அதே ரெண்டு பேரு, அதே ஃபைனல், மறுபடியும் சதோமிக்கு மொத கேம் போயி மறுபடியும் சதோமிதான் தங்கம். இதுல ரேக்கெட்டைப் பார்க்காதீங்க, சக்கரத்தைப் பாருங்க. அடிச்சு முடிக்கறதுக்குள்ள கை ரிம்முக்கு, அதாவது சக்கரத்த தள்ற வளையத்துக்கு, வந்துடும். 2016ல கார் ஆக்சிடென்ட்ல முதுகுத்தண்டு அடிபட்டு, அடுத்த வருஷந்தான் வீல்சேர்ல ஆட ஆரம்பிச்சவங்க அவங்க. இத எங்க வீட்டுல பெரியவங்ககிட்டயும் சொல்லிக் காட்டியிருக்கேன், ஏன்னா "இனிமே என்னம்மா, வீட்டோட இரு"ன்னு சொல்றதுக்கு நம்ம ஆளுங்ககிட்ட பஞ்சமே இல்ல.

டபிள்யூஎச்1ஆ டபிள்யூஎச்2ஆ

வீல்சேர்ல ரெண்டு கிளாஸ். கால் ரெண்டும் முடியாம, இடுப்புக்கு மேல உடம்பைத் தாங்கற சக்தியும் கொறஞ்சவங்க டபிள்யூஎச்1. காலு மட்டும் பாதிப்பு, இடுப்பும் வயிறும் நல்லா வேலை செய்யுதுன்னா டபிள்யூஎச்2. சுலபமா புரியணும்னா, கை எதையும் புடிக்காம முன்னாடி குனிஞ்சு தரையில இருக்கற ஒரு ஷட்டல எடுத்துட்டு நிமிர முடியுதா? முடிஞ்சா பெரும்பாலும் டபிள்யூஎச்2 பக்கம், நிமிர்றதுக்கு ஒரு கையால தொடையையோ சக்கரத்தையோ புடிச்சுத் தள்ள வேண்டியிருந்தா டபிள்யூஎச்1 பக்கம். இது நம்ம வீட்டுக் கணக்குதான், முடிவு சொல்றது கிளாசிஃபயர்ங்க, அதாவது உடம்ப பரிசோதிச்சு யாரு எந்த கிளாஸ்னு பிரிக்கறவங்க. டோக்கியோலயும் பாரிஸ்லயும் டபிள்யூஎச்2 பெண்கள் தங்கம் ரெண்டுமே சீனாவோட லியூ யூடோங்குக்குத்தான், அந்த ஆட்டத்தையும் சதோமி ஆட்டத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, உடம்ப எவ்ளோ தூரம் சாய்க்கறாங்கன்னு பார்த்தாலே ரெண்டு கிளாசுக்கும் என்ன வித்தியாசம்னு தெரிஞ்சுடும்.

ஒரு விஷயம், சின்ன டோர்னமென்ட்ல பொண்ணுங்க என்ட்ரி பத்தலன்னா ரெண்டு கிளாசையும் ஒண்ணாக்கி ஆட விட்டுடுவாங்க. டபிள்யூஎச்1 ஆளு டபிள்யூஎச்2 கூட மோத வேண்டி வரும். கடுப்பாதான் இருக்கும். ஆனா பெண்கள் பக்கம் ஆளு கம்மிங்கறது உண்மை, அதனாலதான் புதுசா வர்ற பொண்ணுக்கு இங்க இன்னும் எடம் இருக்கு.

வண்டி

தினசரி ஓட்டற வீல்சேர்ல ஆடிப் பார்க்கலாமான்னு கேப்பாங்க. ஒரு நாள் ஆசைக்கு ஆடலாம், அதுக்கு மேல வேணாம், பின்னாடி சாஞ்சு அடிக்கறப்ப கவுந்துடும். ஸ்போர்ட்ஸ் சேர்ல சக்கரம் ரெண்டும் மேல உள்ள வாங்கி கீழ அகலமா சாஞ்சு நிக்கும், அதனால சட்டுன்னு திரும்பும், பக்கவாட்டுல கவுறாது. பின்னாடி ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும், அதுதான் பேட்மிண்டன்ல உயிர், முழுசா மல்லாந்து சாஞ்சு தலைக்குப் பின்னாடி போற ஷட்டல எடுக்கறப்ப அது தாங்கும். பிரேக் இருக்காது, கைதான் பிரேக்.

ரூல் என்ன சொல்லுதுன்னா சீட்டு சமமா இருக்கலாம், இல்ல பின்பக்கம் சரிவா இருக்கலாம், முன்பக்கம் சரிவா இருக்கக் கூடாது. மோட்டார் கீட்டார் ஒண்ணும் கூடாது. இடுப்புலயோ தொடையிலயோ ரெண்டுலயுமோ எலாஸ்டிக் பெல்ட் போட்டுக்கலாம், பாதத்தை ஃபுட்ரெஸ்ட்ல கட்டியே ஆகணும். ஷட்டல அடிக்கற நேரத்துல உடம்பு சீட்டை விட்டு எழும்பக் கூடாது, பாதம் ஃபுட்ரெஸ்ட்ல இருக்கணும், தரையில பட்டா ஃபால்ட். டபிள்யூஎச்1 பொண்ணுங்களுக்கு சீட்டு பின்பக்கம் நல்லா இறங்கி முட்டி கொஞ்சம் மேல இருக்கற மாதிரி வச்சா உடம்பு தொட்டில்ல உக்காந்த மாதிரி நிக்கும், முன்னாடி சரியாது. டபிள்யூஎச்2க்கு அவ்ளோ சரிவு தேவையில்ல, பேக்ரெஸ்ட்டும் தாழ்வா போதும், உயரமா வச்சா தோள்பட்டைய பின்னாடி கொண்டு போக விடாது.

வெல எக்கச்சக்கம், புதுசு அளவெடுத்து செய்யறதுன்னா பல ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) ஆகும், அதனால எடுத்த எடுப்புல வாங்காதீங்க. மொதல்ல மாநில பாரா ஸ்போர்ட்ஸ் அசோசியேஷன்ல இரவல் கேளுங்க, பழைய பிளேயர் சேர் சும்மா கெடக்கும். ஒண்ணே ஒண்ணு பாருங்க, இடுப்பு அகலம். இடுப்புக்கும் சைட்டுக்கும் நடுவுல கை நொழையற அளவுக்கு எடம் இருந்தா அந்த சேர் உங்களுக்கு இல்ல, நீங்க ஒரு பக்கம் போவீங்க, வண்டி ஒரு பக்கம் போகும். ஆம்பளைங்க சேர்ல பொண்ணுங்கள உக்கார வச்சு பயிற்சி குடுக்கறது இங்க நிறைய நடக்குது, ரெண்டு பக்கமும் ஸ்பான்ஜ் சொருகிட்டு "ஓக்கே லா, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ"ம்பாங்க. ஆரம்பத்துக்கு சரி, ஆனா அதுலயே மாசக்கணக்கா ஓட்டினா தோள்பட்டைதான் பேசும்.

கை

இங்கதான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கணும். ரேக்கெட்டும் கையில இருக்கணும், அதே கையால சக்கரத்தையும் தள்ளணும். எப்படின்னா ரேக்கெட் கிரிப்ப விரல் நாலும் தளர்வா புடிச்சிருக்கும், தள்றது உள்ளங்கையோட அடிப்பாகமும் கட்டைவிரல் பக்கத்து சதையும். ரேக்கெட் புடிக்காத கை ஃப்ரீயா இருக்கறதால அது அதிகமா தள்ளும், வண்டி ரேக்கெட் பக்கமா இழுத்துட்டு போகும். புதுசா வர்ற எல்லாருக்கும் இது நடக்கும். இதுக்கு வழி, ரேக்கெட்ட புடிச்சுட்டு ஷட்டலே இல்லாம கோட்டு மேல நேரா போக பழகறது. சென்டர் லைன் மேல வண்டிய நிறுத்தி பின்கோடு வரைக்கும் பின்னாடியே இழுங்க, திரும்பிப் பாக்காம. கோடு ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுலயே இருக்குதான்னு கூட இருக்கறவங்க பார்த்து சொல்லட்டும்.

பின்னாடி இழுக்கறதுக்குன்னு ஒரு முறை இருக்கு. சக்கரத்தோட உச்சியில புடிச்சு இழுத்தா கால்வாசி தூரந்தான் போகும். கைய நல்லா முன்னாடி நீட்டி, முட்டிக்குப் பக்கத்துல ரிம்மப் புடிச்சு, இடுப்பு வரைக்கும் ஒரே இழு. டபிள்யூஎச்1 ஆளு இத பண்றப்ப உடம்பு முன்னாடி கவுற மாதிரி ஆகும், அதுக்குத்தான் பெல்ட்டும் சீட்டு சரிவும். நடுவுல இருந்து பின்கோட்டு பக்கம் போறதுக்கு ரெண்டு இழு, மூணாவது இழு வேண்டியிருந்தா நீங்க லேட். அடிச்ச ஒடனே கை சக்கரத்துக்கு வரணும், நல்ல ஷாட் அடிச்சுட்டேன்னு அது எங்க விழுதுன்னு பார்த்துட்டு இருந்தா போச்சு.

எங்க சின்னம்மா பொண்ணுக்குத்தான் நான் கூடப் போறவ, அவ கைய பார்த்தா தெரியும். வலது கட்டைவிரல் கீழ இருக்கற மேடு முழுக்க கறுத்து, தோல் தடிச்சு, நடுவுல வெடிச்ச கோடு. டேப்ப விரலைச் சுத்தி போடக் கூடாது, ரேக்கெட் கிரிப் தடிச்ச மாதிரி ஆகி ஃபீல் போயிடும், அந்த மேட்டுல மட்டும் துண்டா வெட்டி ஒட்டி மணிக்கட்டுல ஒரு சுத்து சுத்தி நிறுத்துவா. இடது கைக்கு கிளவுஸ் போடலாம். வேர்வையில டயர் வழுக்கும், அதுக்கு ஒரு சின்ன டவல தொடைக்கடியில சொருகி வைக்கணும், பெல்ட் போட்டப்பறம் பையிலேருந்து எல்லாம் எடுக்க முடியாது.

பயிற்சி வரிசை என்னன்னா, மொத சில வாரம் வண்டி மட்டும். அப்புறம் ரேக்கெட்டோட வண்டி. அதுக்கப்புறம் ஒருத்தர் எதிர்ல நின்னு கையால ஷட்டல தூக்கிப் போட, பின்னாடி போய் கிளியர் மட்டும். கிளியர் பின்கோட்டுக்கு ஒரு அடி தூரத்துக்குள்ள விழற வரைக்கும் ட்ராப் பக்கமே போகாதீங்க, ஏன்னா கிளியர் பாதியிலயே விழுந்தா எதிராளி நகரவே வேணாம். ஃபோர்ஹேண்ட் ஓரளவு வந்ததும் பேக்ஹேண்ட் கிளியர ஆரம்பிச்சுடுங்க. நின்னு ஆடறவங்க பேக்ஹேண்ட் பக்கம் வந்தா காலை மாத்தி சுத்திக்கிட்டு ஃபோர்ஹேண்டா எடுத்துடுவாங்க, நமக்கு வண்டி பக்கவாட்டுல போகாது, பேக்ஹேண்ட் இல்லாதவங்கள எதிராளி மூணாவது பாயிண்டுலயே கண்டுபிடிச்சுடுவாங்க.

நிக்க வேண்டிய எடம் நடுவுக்கு கொஞ்சம் முன்னாடி. முன்னாடி ட்ராப்புக்கு உடம்ப சாய்ச்சு கைய நீட்டினா எட்டற தூரத்துல. வண்டிய நெட்டுக்கு நேரா வைக்காம லேசா ரேக்கெட் பக்கம் திருப்பி வைக்கறவங்களும் இருக்காங்க, ரெண்டையும் ஆடிப் பார்த்து எது உங்களுக்கு வருதோ அத வச்சுக்கோங்க.

சர்வீஸ் சுருக்கமா சொல்லிடறேன். நின்னு ஆடறவங்களுக்கு இருக்கற 1.15 மீட்டர் கணக்கு நமக்கு இல்ல, அடிக்கற நேரத்துல ஷட்டல் முழுசா கக்கத்துக்குக் கீழ இருக்கணும். சக்கரம் அசையக் கூடாது, அடிக்கற வேகத்துல தானா லேசா ஆடறத மட்டும் விட்டுடுவாங்க. ஸ்கோர் ரெட்டைப்படைன்னா வலது, ஒத்தைப்படைன்னா இடதுங்கற கதையும் கெடையாது, பாதி கோர்ட்தானே, நேரா எதிர்ல.

கேஎல்ல எங்க ஆடறது

ஹால் கிடைக்கறதுதான் பெரிய தலைவலி. ஃபேக்டரி லாட்ட மாத்தி கட்டின ஹால்ங்க இங்க தெருவுக்குத் தெரு இருக்கு, பூச்சோங்ல, செத்தாப்பாக்ல, கெப்போங்ல, ஆனா வாசல்ல ரெண்டு படி, டாய்லெட்டுக்கு ஒரு படி, சில எடத்துல கோர்ட்டே மாடியில. போன் பண்ணி "வீல்சேர் வரலாமா"ன்னு கேட்டா எல்லாரும் "போலே, போலே"ம்பாங்க (மலாய்ல முடியும்னு அர்த்தம்), அங்க போய் பார்த்தா படி இருக்கும், கேட்டா ரெண்டு பையன கூப்பிட்டு தூக்கி விடறேம்பாங்க. அதனால இப்படி கேளுங்க: வாசல்ல படி எத்தன, டாய்லெட் கதவு எவ்ளோ அகலம், கார் நிறுத்தற எடத்துல இருந்து கோர்ட் வரைக்கும் ராம்ப் இருக்கா. ஒரு ஹால் ஓனர் நாங்க வண்டிய எறக்கறப்பவே ஓடி வந்து டயர் மேட்ட கிழிச்சுடும்னாரு, கிழியாது, ஸ்போர்ட்ஸ் சேர் டயர் மழமழன்னுதான் இருக்கும், ஒரு ஓரமா ஓட்டிக் காட்டினதுக்கப்பறம் சரின்னாரு. ரப்பர் மேட்ல தள்றது கொஞ்சம் கனமா இருக்கும், மரத்தரையில லேசா ஓடும். டோர்னமென்ட் மேட்லதான் நடக்கும், அதனால மரத்தரையில மட்டும் பழகிட்டு போகாதீங்க.

சாஞ்ச சக்கரத்தால ஸ்போர்ட்ஸ் சேர் சாதாரண கதவுல நுழையாது. டே சேர்லதான், அதாவது தினசரி ஓட்டற வண்டியிலதான், ஹாலுக்குள்ள போகணும், ஸ்போர்ட்ஸ் சேர சக்கரம் கழட்டி தூக்கிட்டு வரணும், அதுக்கு கூட ஒரு ஆளு வேணும். கிராப் டாக்ஸி புக் பண்றதா இருந்தா ஆறு சீட்டு வண்டியா பண்ணுங்க.

சீரியஸா ஆடணும்னு முடிவு பண்ணிட்டா மாநில வழி ஒண்ணுதான். கேஎல்காரங்க வில்லாயா (கூட்டரசுப் பிரதேச) அணி, கிள்ளான், ஷா ஆலாம், பூச்சோங்காரங்க சிலாங்கூர். அங்கேருந்து பாரா சுக்மா, அது மாநிலங்களுக்கு நடுவுல நடக்கற போட்டி, அங்க கண்ணுல பட்டாதான் தேசிய பக்கம் கூப்பிடுவாங்க. தேசிய பாரா ஆளுங்களுக்கான பயிற்சி மையம் கம்போங் பாண்டான்ல இருக்கு. உலக பேட்மிண்டன் சம்மேளனத்தோட தலைமை ஆபீஸே 2005ல இருந்து கேஎல்லதான், ஆனா அங்க போய் கதவைத் தட்டி நான் ஆடறேன்னு சொல்ல முடியாது, இன்டர்நேஷனல் என்ட்ரி எல்லாம் நாட்டு சங்கம் வழியாதான் போகும். தனியா பேர் குடுக்கறதுங்கறது இல்ல.

கையில கார்டு இல்லன்னா மொதல்ல அத எடுங்க. ஓகேயு கார்டு (மாற்றுத்திறனாளி அட்டை), ஜேகேஎம் (சமூகநல இலாகா) ஆபீஸ்ல, டாக்டர் உறுதி பண்ணின ஃபாரத்தோட. அது அரசாங்க சலுகைக்கு, மாநில அணிக்கும் கேப்பாங்க. ஆனா ஓகேயு கார்டு இருக்கறதால மட்டும் இன்டர்நேஷனல் கிளாஸ் கிடைச்சுடாது, ரெண்டும் வேற வேற.

வீட்ட சமாளிக்கற வழியும் சொல்லணும், நம்ம வீடுங்கள்ல பாஸ்போர்ட்ட விட பெரிய தடை அதுதான். எங்க சின்னம்மா கேட்டது, "பொம்பளப் புள்ள, நடக்க முடியாதவ, வெளிநாட்டுக்கு யாரோட போவா, ராத்திரி எங்க தூங்குவா?" நியாயமான கேள்விதான், அதுக்கு கோவப்படாம பதில் சொல்லணும். "அணியோட போறா சின்னம்மா, ரூம்ல நான் கூட இருப்பேன், கோச் நம்பர் உங்க போன்லயே போட்டுத் தரேன்"னு சொன்னதுக்கப்பறந்தான் கொஞ்சம் இறங்கி வந்தாங்க. பாரிஸ் 2024ல தமிழ்நாட்டுப் பொண்ணுங்க துளசிமதி முருகேசன் வெள்ளி, மனிஷா ராமதாஸ் வெண்கலம், நித்யஸ்ரீ சிவன் வெண்கலம்னு பாரா பேட்மிண்டன்லயே மூணு மெடல் எடுத்தாங்க, அவங்க வீல்சேர் கிளாஸ் இல்ல, நின்னு ஆடறவங்க, இருந்தாலும் பேரச் சொன்னா வீட்டுல காது குடுக்கறாங்க. நம்ம நாட்டு சியா லீக் ஹவ் டோக்கியோலயும் பாரிஸ்லயும் தங்கம் எடுத்தத தாத்தா வரைக்கும் தெரியும், அதனால "பாரா பேட்மிண்டன்"னா என்னன்னு மொதல்ல இருந்து விளக்க வேண்டிய அவசியம் இங்க இல்ல.

தண்ணி, சூடு, தோல்

இத கோச்சுங்க, அதுலயும் ஆம்பளை கோச்சுங்க, பேச மாட்டாங்க. டாய்லெட் வசதி இல்லாத ஹால்ல ஆடற பொண்ணுங்க தண்ணி குடிக்காமயே இருப்பாங்க. காலையில இருந்து ரெண்டு வாய்தான் குடிச்சிருப்பாங்க. கதீட்டர் (மூத்திரம் எடுக்கற குழாய்) போடறவங்களுக்கு இது நேரா யூரின் இன்ஃபெக்ஷன்ல கொண்டு போய் விடும், டோர்னமென்ட்டுக்கு முந்தின வாரம் காய்ச்சல் வந்தா எல்லாம் காலி. தண்ணி குடிங்க, அதுக்கேத்த டாய்லெட் இருக்கற ஹாலா தேடுங்க, கதீட்டர் செட் தேவைக்கு மேலயே எடுத்துட்டுப் போங்க.

முதுகுத்தண்டுல மேல அடிபட்டவங்களுக்கு அடிபட்ட எடத்துக்குக் கீழ வேர்க்காது. நம்ம ஊர் புழுக்கத்துல, ஃபேன் மட்டும் இருக்கற ஹால்ல, உடம்பு சூடு ஏறிக்கிட்டே போகும், வேர்த்து ஆறாது. ஸ்ப்ரே பாட்டில்ல தண்ணி வச்சு முகம், கழுத்து, கையில அடிச்சுக்கிட்டே இருக்கணும், இடைவேளையில ஐஸ் டவல். நெஞ்சு மட்டத்துல, டாக்டருங்க டி6ம்பாங்க, அதுக்கு மேல அடிபட்டிருந்தா மூத்திரப்பை நெறஞ்சாலோ எங்கயாவது அழுத்தினாலோ பிரஷர் திடீர்னு எகிறும், தலைவலி, முகம் செவக்கும். அந்த எகிறல்ல உடம்புக்கு ஒரு வேகம் வரும்னு வேணும்னே அத வரவைக்கறவங்க உண்டு, அத தடை பண்ணியிருக்காங்க, உயிருக்கும் ஆபத்து. தலைவலி வந்தா ஆட்டத்த நிறுத்திட்டு மொதல்ல மூத்திரப்பைய பாருங்க, பெல்ட்ட தளர்த்துங்க.

ஜீன்ஸ் போட்டுட்டு சேர்ல உக்காந்து ஆடாதீங்க, பின்பாக்கெட் தையலே புண்ணாக்கிடும், உணர்ச்சி இல்லாத எடத்துல ராத்திரி பார்த்தாதான் தெரியும். தையல் கம்மியா இருக்கற லெக்கிங்ஸ் போதும். பயிற்சி முடிஞ்சு வீட்டுக்குப் போனதும் சின்ன கண்ணாடி வச்சு பாருங்க, செவந்திருந்தா மறுநாள் பயிற்சி வேணாம்.

கிளாசிஃபிகேஷனும் பயணமும்

மொத இன்டர்நேஷனல்ல ஆட்டத்துக்கு முன்னாடி கிளாசிஃபிகேஷன் இருக்கும், அதனால அணி சில நாள் முன்னாடியே போகும். மெடிக்கல் பேப்பர் முன்கூட்டியே அனுப்பியிருக்கணும், எக்ஸ்ரே, எம்ஆர்ஐ ரிப்போர்ட், டாக்டர் லெட்டர், எல்லாம் இங்கிலீஷ்ல. அரசாங்க ஆஸ்பத்திரியில பழைய ரிப்போர்ட் தேடி எடுக்க நாளாகும், அதனால என்ட்ரி பேச்சு வர்றதுக்கு முன்னாடியே கேட்டு வைங்க. உள்ள போனா ரூம்ல பெட்ல உக்கார வச்சு, பக்கவாட்டுல தள்ளிப் பார்ப்பாங்க, கைய தூக்கச் சொல்லி, குனிஞ்சு நிமிரச் சொல்லி. அப்புறம் கோர்ட்ல வண்டியோட ஆடச் சொல்லுவாங்க. மேட்சுல ஆடறப்பவும் ஓரமா நின்னு பார்ப்பாங்க. எங்க தங்கச்சிய ஒரு அம்மா தோளைப் புடிச்சு மெதுவா சாய்ச்சப்ப அவ தன்னையறியாம பெட் ஓரத்த கெட்டியா புடிச்சுக்கிட்டா, அந்தம்மா சிரிச்சுக்கிட்டே விரல ஒவ்வொண்ணா எடுத்து மடியில வச்சுட்டு மறுபடியும் சாய்ச்சாங்க. முடியாதத முடியாதுன்னே காட்டுங்க, முடியறத மறைக்காதீங்க. வேணும்னே கம்மியா காட்டி மாட்டிக்கிட்டா வருஷக்கணக்குல தடை. முடிவுல சிலருக்கு "ரிவியூ"ன்னு போட்டு மறுபடியும் பார்ப்பாங்க, மொத தடவ அது சகஜம், பயப்படாதீங்க.

தினம் சாப்பிடற மாத்திரை என்னென்னன்னு லிஸ்ட் எழுதி அணி டாக்டர்கிட்ட காட்டிடுங்க, வலி, நரம்பு, பிரஷர் மாத்திரைன்னு எதுவா இருந்தாலும். ஊக்கமருந்து லிஸ்ட்ல இருந்தா அதுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வழி இருக்கு, மாட்டினதுக்கப்பறம் சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க. அம்மா குடுத்த நாட்டு மருந்து லேகியத்தையும் சேர்த்துதான் சொல்றேன்.

ஃபிளைட்ல டே சேர் விமான வாசல் வரைக்கும் வரும், ஸ்போர்ட்ஸ் சேர் செக்-இன்ல போகும். சக்கரத்த கழட்டி தனிப் பையில போடுங்க, ஃப்ரேம பபிள்ரேப்ல சுத்துங்க. ஸ்பேர் ட்யூப் ரெண்டு, பம்ப், ஆலன் கீ செட், குட்டிச் சக்கரத்துக்கு ஒரு ஸ்பேர். ஆலன் கீய ஹேண்ட் லக்கேஜ்ல வைக்காதீங்க, புடுங்கிடுவாங்க. ரேக்கெட்டும் மெடிக்கல் சாமானும் மட்டும் கையோட, மத்தது வராட்டியும் சமாளிக்கலாம். துபாய், சோலோ, கம்பாலான்னு டோர்னமென்ட் எங்க இருந்தாலும் ஹோட்டல் பாத்ரூம் கதவு அகலம் என்னன்னு அணி மேனேஜர கேக்க வைங்க, கூச்சப்பட்டுட்டு போய் அங்க நின்னு முழிக்க வேணாம்.

மேட்ச் அன்னிக்கு

டோக்கியோ, பாரிஸ்ல எல்லாம் மூணு கேம், 21 பாயிண்ட் கணக்குதான், நின்னு ஆடறவங்களுக்கு மாதிரியே. 20-20 ஆனா ரெண்டு பாயிண்ட் முன்னாடி போகணும், 29-29 ஆச்சுன்னா 30 தொடறவங்களுக்கு கேம். 11ல 60 செகண்ட் இடைவேளை, கேமுக்கு நடுவுல 120 செகண்ட். 60 செகண்ட்ல என்ன பண்ணணும்னு முன்னாடியே பழகிடுங்க: கைய தொடைச்சுக்கோ, ஸ்ப்ரே, ஒரு வாய் தண்ணி, டேப்ப பாரு. கோச் பேசறது காதுல விழட்டும், ஆனா கை இதத்தான் செய்யணும்.

பெரிய அரங்கத்துல ஏர்கான் காத்து ஷட்டல இழுக்கும். வார்ம்-அப்ல ரெண்டு பக்கமும் ஒரு கிளியர் அடிச்சுப் பாருங்க, ஒரு பக்கம் பறந்து வெளிய போகும், இன்னொரு பக்கம் நின்னு விழும். டாஸ் ஜெயிச்சா சில பேரு கஷ்டமான பக்கத்த மொதல்ல எடுப்பாங்க, மூணாவது கேம்ல 11ல பக்கம் மாறுமே, அப்ப கடைசியில நல்ல பக்கத்துல முடிக்கலாம்னு. கேஎல்ல இருந்துக்கிட்டே இத பழகணும்னா ஏர்கான் இருக்கற ஹால்ல மாசத்துக்கு ஒரு தடவையாவது ஆடுங்க, ஃபேன் ஹால்லயே பழகினவங்க கிளியர் அங்க போய் பாதிக்கு மேல அவுட்டா போகும்.

மொத நாலு அஞ்சு பாயிண்ட ஜெயிக்கறதுக்காக ஆடாதீங்க, எதிராளிகிட்ட கேள்வி கேக்கற மாதிரி ஆடுங்க. பேக்ஹேண்ட் பின்மூலைக்கு ஒண்ணு, ஃபோர்ஹேண்ட் பின்மூலைக்கு ஒண்ணு, நேரா உடம்புக்கு ஒண்ணு, ட்ராப் ஒண்ணு. எதுல அவங்க கை சக்கரத்துக்கு லேட்டா வருதோ அங்க திரும்பத் திரும்பப் போடுங்க. உடம்புக்கு நேரா வர்றத எடுக்கறது வீல்சேர்ல கஷ்டம், விலக முடியாது, நிறைய பேரு அத மறந்துட்டு மூலையே தேடிட்டு இருப்பாங்க. பின்னாடி தள்ளி ட்ராப் போட்டா ஒடனே பாயிண்ட் வரும்னு நெனைக்காதீங்க, நல்ல பிளேயர் மொத ட்ராப்ப எடுத்துடுவாங்க, ரெண்டாவது மூணாவது தடவதான் கை சோரும். அதுக்குத்தான் நம்ம கை அவங்க கைய விட ஒரு ராலி அதிகமா தாங்கணும்.

மொத இன்டர்நேஷனல்ல குரூப்பத் தாண்டறது பெரிய விஷயம், தாண்டலன்னா அதிசயம் ஒண்ணும் இல்ல. தோத்த ஒடனே ரூமுக்கு போய் படுத்துடாம ஹால்லயே இருங்க, உங்க கிளாஸ்ல மத்த பொண்ணுங்க மேட்ச போன்ல எடுங்க, ரேக்கெட்ட இல்ல, சக்கரமும் கையும் தெரியற மாதிரி கீழ வச்சு. வண்டி அளவு கேளுங்க, எந்த டயர் போடறீங்கன்னு கேளுங்க, மொழி தெரியலன்னாலும் கை காட்டி கேட்டா சொல்லுவாங்க, தாய்லாந்துக்காரங்க எல்லாம் டேப் எப்படி ஒட்டறதுன்னு உக்கார வச்சு காட்டுவாங்க. ஊருக்குத் திரும்பினதும் டயர் காத்தை எறக்கிட்டு, பெல்ட்ட துவைச்சுப் போட்டுட்டு, அடுத்த என்ட்ரி கடைசி தேதி எப்பன்னு அசோசியேஷனுக்கு ஒரு வாட்ஸாப் போட்டுடுங்க, அவங்களா கூப்பிட்டு சொல்லுவாங்கன்னு காத்துட்டு இருக்காதீங்க.